கல் என்று சொல்லி வைத்தோம்

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் என் மனைவிக்குத்தான். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா, "உங்களுக்கு ஒரு குறையுமில்லைங்க. ஊட்டுக்காரரை யூராலஜி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்று போட்டு உடைத்தார். எனக்குச் சுருக்கென்றது. கணபதி பகுதியில் மோட்டார் பட்டறை வைத்து, நாள் முழுக்க இரும்பு தூக்குகிறவனுக்கு என்ன குறை இருந்துவிடப் போகிறது என்று வீம்பாக இருந்தேன். அவளும் கேட்டுக் கேட்டு ஒரு நாள் நிறுத்திவிட்டாள். அந்த மௌனம் தாங்காமல்தான் கிளம்பினேன்.

அம்மாவிடம் என்ன சொல்வது? வழி சொன்னவளும் என் மனைவிதான். "கிட்னில கல்லுன்னு சொல்லிப்போடலாமுங்க மாமா. கல்லுன்னா ஆரும் தோண்டித் துருவ மாட்டாங்க."

மறுநாளே வாழைத்தண்டு வந்து இறங்கிவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சொம்புச் சாறு. விஷயம் தெரிந்து ஈரோட்டிலிருந்து சித்தி வேறு ஒரு கட்டு கொடுத்தனுப்பினாள். இல்லாத கல்லுக்காக ஒரு தோப்பையே குடித்திருப்பேன். அம்மா பக்கத்திலேயே நின்று பார்ப்பாள் என்பதால் முகம் சுளிக்கவும் முடியாது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்திலிருந்தவர், "தம்பிக்கு என்னங்க?" என்றார்.

"கல்லுங்க."

"எனக்கும் கல்லுதானுங்க."

மனைவியோடு வந்து தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த இளவட்டங்களைக் கேட்டிருந்தாலும் கல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சொன்னதெல்லாம் நிஜமென்றால் அங்கே ஒரு குவாரி நடத்தலாம்.

கையில் சின்ன டப்பாவைக் கொடுத்து என்னைப் பாத்ரூமுக்கு அனுப்பினார்கள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. வெளியே யாரோ வாளியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளைக்கு வந்த சோதனை என்று சிரிப்பும் அழுகையுமாக வந்தது. இத்தனை வருஷம் அவள் எத்தனை கதவுகளுக்குப் பின்னால் எப்படிப் படுத்திருப்பாள் என்று அப்போதுதான் நினைத்தேன்.

இன்னொரு முறை பரிசோதித்தார்கள். பிறகு விரையில் ஊசி போட்டுத் திசு எடுத்தும் பார்த்தார்கள். டாக்டர் வயதானவர், சுற்றி வளைக்கவில்லை. "உயிரணு ஒண்ணுகூட இல்லைங்க தம்பி. உற்பத்தியே ஆகறதில்லை. மருந்துலயோ ஆப்பரேஷன்லயோ சரியாகாதுங்க. உங்க மேல தப்பில்லை. தத்து எடுக்கறதைப் பத்தி யோசிங்க."

"சரிங்க" என்றேன். கடைக்காரர் போல்ட் தீர்ந்துபோச்சு என்று சொன்னாலும் நான் அப்படித்தான் சொல்வேன். அவளும் நானும் பஸ் பிடித்து வீடு வந்தோம்.

வாசலிலேயே அம்மா கேட்டாள். "கல்லு கரைஞ்சிருச்சா கண்ணு?"

"கரைஞ்சிருச்சும்மா."

அம்மா கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். என் மனைவியின் கன்னத்தை வழித்து, "இனி என்ன அம்மணி, வர்ற தைக்குள்ள ஊட்டுல தொட்டில் கட்டீரலாம். இந்தக் கல்லுதான் குறுக்க நின்னுருக்குது" என்றாள்.

"ஆமாங்கத்தை" என்றாள் இவள்.

சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவளின் பின்னாலேயே போனேன். காய்ந்த சட்டையை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "தத்து எடுக்கலாமுங்க மாமா. எனக்குச் சம்மதந்தான். ஆனா உங்களாட்ட காது வெடச்சுட்டு ஒண்ணு வந்து நிக்கும்னு நெனச்சுட்டே இருந்தனுங்க. அந்த நெனப்பை என்ன பண்றதுன்னுதான் தெரியலீங்க."

எனக்கும் தெரியவில்லை. அவள் சாயலில் ஒரு பெண் குழந்தையை நான் நினைத்து வைத்திருந்தேன். அதற்குப் பெயரும் வைத்திருந்தேன். பட்டறையில் மெஷின் ஓடும்போது அந்தப் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது.