முழங்கால் அளவு கங்கை

லாரிப் பட்டறைகள் இருக்கும் தெருவில் கடைசிக் கடை அவருடையது. ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, ஹாரன், விளக்கு என்று வண்டியில் மின்சாரம் ஓடுகிற எதுவும் அவர் கைக்கு வந்துதான் போகும். ஊரில் அவருக்கு டைனமோக்காரர் என்றே பெயர். வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையின் உறையில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது. "பரவால்ல, மிஸஸ் டைனமோன்னு என்னையும் சேத்துப் போடல" என்று அவர் மனைவி சிரித்தார்.

பட்டறையிலிருந்து வந்து கிரீஸ் போகக் குளிக்கும்போது, முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி "கங்கே" என்பார். அம்மா பழக்கிய சொல் அது. குழாய்த் தண்ணீரோ தொட்டித் தண்ணீரோ, அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அது கங்கையாகிவிடும் என்று அம்மா நம்பினார். தான் நம்புகிறோமா என்று அவர் யோசித்ததே இல்லை. சொல்லாமல் ஊற்றினால் குளித்த மாதிரி இருக்காது, அவ்வளவுதான்.

அந்தச் சொல் அவருக்கு ஆசையாக மாறியது அம்மா இறந்த அன்றைக்கு. பூஜை அலமாரியில் ஈயம் பூசி அடைத்த சின்னச் செம்பு ஒன்று இருந்தது. உறவினர் யாரோ எப்போதோ கொண்டுவந்து கொடுத்த கங்கை நீர். அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக வாயில் ஊற்றிய பால், தண்ணீர் எல்லாம் கடைவாய் வழியே வழிந்துவிட்டது. அவர் ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பித் திறந்து, ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து உதட்டில் விட்டார். அம்மாவின் தொண்டை அசைந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டுத்தான் போனார்.

அஸ்தியைப் பக்கத்து ஆற்றில்தான் கரைக்க முடிந்தது. "எல்லா ஆறும் கங்கைதாங்க" என்று சடங்கு செய்துவைத்தவர் ஆறுதல் சொன்னார். இவர் தலையாட்டினார். மனசு ஒப்பவில்லை. போகிற நேரத்தில் இரண்டு சொட்டாக இல்லாமல், உடம்பில் தெம்பு இருக்கும்போதே அந்த ஆற்றில் இறங்கி ஒரு முறை முங்கி எழ வேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டார்.

முடிவு செய்தாரே தவிர, கிளம்பவில்லை. மகள் படிப்பு முடியட்டும் என்றார். கல்யாணம் முடியட்டும் என்றார். அவள் பிரசவம் நல்லபடியாக முடியட்டும் என்றார். எல்லாம் முடிந்து, மனைவியோடு ரயிலுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு மாற்றினார், உப்பைக் குறைத்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். தாகத்துக்கு ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார். கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த ஆபரேஷன் பலிக்காததால், நெஞ்சில் ஒரு குழாய் சொருகியிருந்தார்கள். அதில் ஈரம் படவே கூடாது. தலைக்கு ஊற்றிக் குளிக்கிற வேலை அதோடு நின்றது. மனைவி ஈரத்துணியால் துடைத்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் வாயைத் திறக்கவே மாட்டார். துணியைப் பார்த்து என்னவென்று கூப்பிடுவது?

மிஷினோடு படுத்திருக்கும்போது கண்ணை மூடினால் ஆறுதான் வந்தது. அவர் காலண்டரில் பார்த்த ஆறு. நீல நிறத்தில் அலை இல்லாமல் இருக்கும். அதைப் பற்றி ஒருநாள் டயாலிசிஸ் சிஸ்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"இதுக்கா இவ்வளவு கவலை? அங்கேயும் மிஷின் இருக்குண்ணே. ரிப்போர்ட்டை முன்னாடியே அனுப்பிட்டா படுக்கை ஒதுக்கிக் குடுப்பாங்க. நம்ம பேஷண்ட் ஒருத்தர் பொண்ணு வீட்டுக்கே அப்படித்தான் போயிட்டு வந்தாரு."

அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். மிஷின் கூவியது. "படுங்கண்ணே, இப்பவே ரயில் ஏறிடாதீங்க!" என்று சிஸ்டர் ஓடிவந்து ட்யூபைச் சரிசெய்தார்.

டாக்டரம்மா லேசில் இறங்கி வரவில்லை. "இந்தக் குழாய் நேரா இருதயத்துக்குப் போகுது. அழுக்குத் தண்ணி கொஞ்சம் உள்ள போனாலும் உயிருக்கே ஆபத்து."

"அழுக்கா? கங்கைங்க அது."

"நீங்க அம்மான்னு கும்பிடுங்க, நான் வேணாங்கல. குழாய்க்கு அதெல்லாம் தெரியாது. முழங்கால் வரைக்கும் நில்லுங்க. அதுக்கு மேல போக மாட்டேன்னு சொன்னா கையெழுத்துப் போடறேன்."

முங்காமல் என்ன கங்கை என்று அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மனைவி பெட்டியைக் கீழே இறக்கித் தூசி தட்டினார். "முழங்கால் என்ன பக்கத்து வீட்டுக்காரரோடதா? உங்களோடதுதானே? வாங்க போவோம்."

போய்ச் சேர்ந்த அன்றைக்கே அங்கே டயாலிசிஸ் முடித்து, மறுநாள் காலை ஆற்றுக்குப் போனார்கள். நெஞ்சில் பிளாஸ்டிக் உறை ஒட்டி, மேலே இரண்டு சட்டை போட்டிருந்தார். படிக்கட்டில் கூட்டம் இருந்தது. ஒருவர் இரு கைகளிலும் நீரை அள்ளிச் சூரியனுக்கு விட்டுக்கொண்டிருந்தார். மொட்டையடித்த ஓர் இளைஞன் துணி கட்டிய கலயத்தை மார்போடு அணைத்தபடி நின்றான். அதற்கு இரண்டு படி தள்ளி ஒருத்தி துணி துவைத்தாள். சாவும், சோப்பும், கும்பிடுதலும் ஒரே தண்ணீரில் நடந்தன. யாரும் யாரையும் விலகச் சொல்லவில்லை.

தண்ணீர் நீலமாக இல்லை. மண் கரைந்த நிறத்தில், நினைத்ததைவிட வேகமாக ஓடியது. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி முழங்கால் அளவில் நின்றார். சில்லென்றது. ஆறு அவர் காலைப் பிடித்து இழுத்தது. வா என்று கூப்பிடுவது போலவே இருந்தது. இன்னும் இரண்டு படி இறங்கினால் போதும். இத்தனை வருஷம் சொன்ன அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். வாளித் தண்ணீரில் குளித்ததைத் தவிர, ஆறு குளம் எதிலும் இறங்கியறியாதவர் அவள்புருஷனோடு வந்த அந்த மனைவி. கணவரைப் பக்கத்துக் கம்பத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கரையில் கட்டியிருந்த சங்கிலியைப் பற்றிக்கொண்டு இறங்கினார்.

"ஏய், பாத்து! வழுக்கும்."

"பேசாம இருங்க. பயமா இருக்கு, அதுல நீங்க வேற." மூக்கைப் பிடித்து முங்கினார். இருமிக்கொண்டே எழுந்தார். "இது எனக்கு." மறுபடி முங்கினார். "இது உங்களுக்கு." மூன்றாவதாகவும் முங்கினார்.

"அது யாருக்கு?"

"அத்தைக்கு. இருந்த வரைக்கும் என்னைப் பாத்து ஒருநாள் சிரிச்சதில்ல. இப்பவாவது சிரிக்கட்டும்."

சொட்டச் சொட்டப் படியேறி வந்தவர், முந்தானையை அளவாகப் பிழிந்து, அந்த ஈரத்தை அவர் உச்சந்தலையில் வைத்து அழுத்தினார். நெற்றிக்கு வழிந்ததை நெஞ்சுக்குப் போகவிடாமல் உள்ளங்கையால் தடுத்தார். அவர் குனிந்து நின்றபடியே அழுதார்.

அடைத்த செம்பு எதுவும் வாங்கக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனைவி வாங்கிப் புடவைக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததும், அது அவருக்குத் தெரிந்ததும், தெரியாத மாதிரி அவர் இருந்ததும் தனிக்கதை.

ஊர் திரும்பியதும் நிம்மதி வந்துவிடும் என்று மனைவி நினைத்தார். வரவில்லை. அவர் முன்னைவிட அதிகமாகச் சுவரை வெறித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மனைவி பொறுக்க முடியாமல், "பாத்தாச்சுல்ல, இன்னும் என்னங்க?" என்று கேட்டுவிட்டார்.

"பாக்காத வரைக்கும் அது படம்மா. படத்துக்காக எவ்வளவு ஏங்க முடியும்? இப்ப அந்தச் சில்லிப்பு தெரியும். இழுப்பு தெரியும். ராத்திரி காலை நீட்டினா தண்ணி இல்லியேன்னு இருக்கு."

மனைவி அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கையில் இன்னொரு முறை ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பலித்தால் நெஞ்சுக் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு நாள் குறிக்கவில்லை. மிஷின் இல்லாத நாட்களில் அவர் கடையில் உட்கார்ந்து சின்ன வேலைகள் மட்டும் பார்க்கிறார். அந்த ஆற்றுப் பக்கம் போய்வருகிற லாரி வந்தால், டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விசாரிப்பார். பாலம் தாண்டினீங்களா? தண்ணி ஏறியிருக்கா, வத்தியிருக்கா?

போன வாரம் ஒரு டிரைவர் பாலத்தின் மேலிருந்தே போன் செய்தார். "அண்ணே, கங்கை மேல நிக்கறேன். ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. கேக்குதா?" என்று போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

காற்றும் ஹாரன்களும்தான் கேட்டன. அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு, "கேக்குது, கேக்குது, அப்படியே வெச்சிரு" என்றார்.