சங்கு இல்லாத பெட்டி

கேட்காமலேயே ஒருவர் எனக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்தார். இந்த ஜெர்மன் சிற்றூருக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது, ஒரு கடைக்காரர் இவ்வளவு பேசி இப்போதுதான் கேட்கிறேன். வணக்கம், நன்றி, நல்ல நாளாக அமையட்டும் என்ற மூன்று சொற்களில் இங்கே ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான் முழுவதையும் வாங்கிவிடலாம். இசைத்தட்டுக் கடையில்தான் கதை மாறியது. நான் கையில் எடுத்தது ஒரு பழைய ஜாஸ்-ராக் குழுவின் ஐந்து சி.டி.க்கள் கொண்ட அட்டைப்பெட்டி. தட்டுக்கு ஒரு காகித உறை, அவ்வளவுதான். படப்புத்தகம் இல்லை, யார் யாரோடு சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்ற வரலாறு இல்லை. மேல் அடுக்கில் இருந்த தடித்த புத்தகத்தோடு கூடிய பெரிய பெட்டியைக் காட்டி, அதை எடுங்களேன் என்றார் அவர். “இதில் ஒன்றுமே இல்லை, அதனால்தான் இது பிடித்திருக்கிறது” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். “அப்படியா, புதிதாகக் கேட்க ஆரம்பிக்கிறீர்களா? நல்லது” என்று மகிழ்ந்துபோய் அவர் குழுவின் கதையைத் தொடங்கிவிட்டார். மூன்றாவது ஆல்பத்தின் ஒவ்வொரு டிரம் அடியையும் முழங்காலில் தட்டிக்காட்டக்கூடிய நான், தலையாட்டிக்கொண்டு நின்றேன். அவரைத் திருத்த வேண்டுமானால் நெய்வேலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு என் ஜெர்மன் போதாது.

நெய்வேலியில் எங்களுக்குக் கிடைத்த இதே குழுவின் கேசட்டுக்கும் அட்டை இல்லை. வடலூரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன் நிஜாம், கல்லூரியில் என்னோடு படித்தவன். அவனுடைய மாமா சவுதியிலிருந்து கொண்டுவந்த கேசட் அது. வாசித்தவர்களின் முகம் தெரியாது, வயது தெரியாது. கிட்டார் வாசிப்பவர் குட்டையானவர் என்று நிஜாம் அடித்துச் சொல்வான், நான் நெட்டை என்பேன். இதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசாமல்கூட இருந்திருக்கிறோம். ஒன்றும் தெரியாததால் ஏற்பட்ட அந்த ஆசை, எல்லாம் எழுதி வைத்த புத்தகத்தால் வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆளுக்கொரு கேசட் வேண்டுமென்று ஒரு நாள் எங்கள் குவார்ட்டர்ஸில் காப்பி எடுத்தோம். அவனுடைய டேப்பையும் எங்கள் டேப்பையும் கட்டில்மேல் எதிரெதிரே வைத்து, கதவைச் சாத்தி, மிக்சி போடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எல்லாம் யோசித்த புத்திசாலிகள் இரண்டு மணிச் சங்கை மறந்துவிட்டோம். அப்பா வேலை பார்த்த சுரங்கத்தில் ஷிப்ட் மாறுவதற்கு ஊதுகிற சங்கு, சாக்ஸபோன் தனியாக ஒரு சுரத்தை இழுத்துப் பிடிக்கும் இடத்தில் சரியாக வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் பகல் பன்னிரண்டரைக்கு அந்தக் காப்பியைப் போட்டோம். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த அப்பா, செகண்ட் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பதறி எழுந்து, ஷூவை மாட்டி, ஹெல்மெட்டோடு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டார். அரை மணி கழித்து வியர்வையோடு திரும்பி வந்து, “எவன்டா சங்கு ஊதினது?” என்றார்.

வெளிநாடு கிளம்பும்போது நான் ஒரு காரியம் செய்தேன். நிஜாமைக் கேட்காமல் நல்ல கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சங்கு விழுந்த காப்பியை அவனுக்கு விட்டுவிட்டேன். அவன் மாமா கொடுத்த பொருள் அது. இங்கே முதல் குளிர்காலத்திலேயே டேப்பின் உருளையில் சிக்கி நாடா நார்நாராகிவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவன் வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன், ஆனால் கேசட் பேச்சை மட்டும் எடுத்ததில்லை. வெட்கம்தான், வேறென்ன. இந்தப் பெட்டியை வாங்கியதே அவனுக்கு அனுப்பி, அந்தக் கணக்கை முடித்துக்கொள்ளத்தான்.

சனிக்கிழமை மதியம் நிஜாமுக்குப் போன் செய்தேன். அவனுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை, அன்று வீட்டில் இருந்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

“அன்னிக்கே தெரியும்டா” என்றான் நிஜாம். “ஒன் பையத் தூக்கிக்கினு பஸ் ஏத்திவுட்டதே நான்தானே. உள்ள கேசட்டு கடகடன்னு ஆடிச்சு.”

“அப்ப ஏன்டா கேக்கல?”

“கேட்டா குடுத்துருப்பே. அதான் கேக்கல.”

பெட்டியைப் பற்றிச் சொன்னேன், திங்கட்கிழமையே தபாலில் போடுகிறேன் என்றேன்.

“அதுல சங்கு வருமா?”

“வராது.”

“அப்ப எனக்கு எதுக்கு? நீயே வெச்சிக்க. பாவம், ஒங்கிட்டதான் சங்கு இல்ல.”

அந்தக் காப்பி இன்னும் ஓடுகிறதாம். சில நாள் ஷிப்ட் முடிந்து வந்து அதைத்தான் கேட்பானாம். போனில் பதிவு செய்து அனுப்புடா என்று கெஞ்சினேன்.

“அனுப்பமாட்டேன். வேணும்னா வூட்டுக்கு வந்து கேளு” என்று சொல்லிவிட்டு, மனைவி கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டான்.

பெட்டி என் மேசையில் இருக்கிறது. மூன்றாவது தட்டைப் போடுகிறேன். கிட்டார் நின்று, சாக்ஸபோன் தனியாக இழுக்கும் இடம் வருகிறது. அத்தனை சுத்தம். வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அன்று அப்பா எழுந்ததுபோல நான் எழுந்துவிடுகிறேன். வாசலில் கிடக்கும் ஷூவில் ஒரு காலை நுழைத்த பிறகுதான், எனக்கு இங்கே ஷிப்ட் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது.