மிஷின்கிட்ட மட்டும் விட்டுடாதீங்க

ஜெபம் வீணாகாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கே அந்த நம்பிக்கை இல்லை.

போன ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரர் அந்தோணிக்குக் காய்ச்சல். வயது எழுபத்தெட்டு. கம்பைநல்லூரில் ஊசி போட்டுக்கொண்டு, மறுநாளே தக்காளிக்கு மருந்தடிக்கப் போனார். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? வாரம் திரும்புவதற்குள் உதடு நீலம் பாரித்து, தர்மபுரியில் ஐ.சி.யூ.வில் கிடந்தார். தொண்டையில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். நெஞ்சு ஏறி இறங்கியது. அது அவர் மூச்சு இல்லை, மிஷின் விட்ட மூச்சு.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். இரண்டு நுரையீரலும் கெட்டுவிட்டன. ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே விடுகிற பெரிய மிஷின் சென்னையில் இருக்கிறது. இவர் வயதுக்கும் உடம்புக்கும் அது தாங்காது என்றார். எனக்கு அழக்கூட வரவில்லை.

நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதலுக்கு ஃபாதரைக் கூப்பிடு என்றேன். மகன் சேவியர் கொதித்துவிட்டான். எங்கள் ஊரில் ஃபாதர் எண்ணெயோடு ஒரு வாசல் ஏறினால், பக்கத்து வீட்டார் சாவுப் பந்தலுக்குச் சொல்லிவிடுவார்கள்.

"எண்ணெ பூசி யாரும்மா பொழச்சிருக்காங்க? நீயே அப்பாவ அனுப்பி வெக்கறியா?"

"கடேசி மூச்சுல கூப்புட்டா எவன்டா பொழப்பான்? போய்க் கூட்டிட்டு வா."

அழுதுகொண்டேதான் போனான்.

ஃபாதர் நெற்றியிலும் கைகளிலும் பூசினார். பிழைக்க வையுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஆண்டவரே, ஒண்ணு நீங்க வெச்சுக்குங்க, இல்லைன்னா எங்கிட்ட குடுங்க. இந்த மிஷின்கிட்ட மட்டும் வுட்டுடாதீங்க" என்றேன். என் ஜெபம் அவ்வளவுதான்.

உடனே எதுவும் நடக்கவில்லை. கிட்னியும் சரியில்லை என்றார்கள். சேவியர் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பிறகொரு காலை, மிஷினைக் குறைத்தால் அவரே கொஞ்சம் மூச்சு இழுக்கிறார் என்றார் டாக்டரம்மா. நம்பிவிடாதீர்கள் என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. குழாயை எடுத்தபோதும் நம்பவில்லை. அவர் கரகரத்த குரலில் பேசிய பிறகுதான் நம்பினேன்.

"ஃபாதர் எண்ணெ பூசுனாரா?"

ஆமாம் என்றேன்.

"அப்பறம் நான் ஏன் இன்னும் இங்க இருக்கறன்?"

சேவியர் கட்டிலில் தலையை வைத்து அழுதான்.

இப்போது வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடுகிறது. கரண்ட் போனால் எனக்கு உயிர் போகிறது. தோட்டம் வரை அவரால் நடக்க முடியாது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் மூச்சை அவரே இழுக்கிறார். அதற்குத் தினமும் நன்றி சொல்கிறேன். சேவியர் மாதத்தின் முதல் வெள்ளிதோறும் ஃபாதரை நோயாளிகள் வீடுகளுக்கு வண்டியில் கூட்டிப்போகிறான்.

உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால், மூச்சு நன்றாக இருக்கும்போதே ஃபாதரைக் கூப்பிடுங்கள். கொண்டுபோக மட்டும்தான் ஆண்டவர் வருவார் என்று நினைக்காதீர்கள்.