சாவு மேளத்துக்கு ஆடிய குதிரை

ட்ரெஸ்ஸாஜ் என்றால் ஓட்டப் பந்தயம் இல்லை, தாண்டிக் குதிப்பதும் இல்லை. வேலி கட்டிய இடத்துக்குள் குதிரை நான் சொன்னபடி நடக்க வேண்டும், வளைய வேண்டும். கடைசியில் நான்கு காலையும் சீராக வைத்து நிற்க, நான் ஒரு கையைத் தொங்கவிட்டு நடுவருக்குத் தலைகுனிந்து வணக்கம் வைக்க வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸில் இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, யாரு ஃபர்ஸ்ட்டா ஓடி வந்தாங்க?" என்பார்கள்.

என் குதிரை முன்பு வேலப்பன்சாவடி கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை ஊர்வலம் போனது. மேளம் கேட்டால் சொக்கிப்போகும். அமைதியான மைதானத்தில் சரியான சோம்பேறி. நிறுத்தினால் ஒரு காலைக் கோணலாக வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி நிற்கும்.

மாநில அணிக்கான தேர்வு குத்தம்பாக்கம் பக்கம் நடந்தது. அதில் தேறாவிட்டால் குதிரையை விற்றுவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர், சொன்னால் சொன்னதுதான். அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்க வந்திருந்தார்.

பாதி முடிந்திருக்கும்போது ரோட்டில் சாவு மேளம் கேட்டது. குதிரையின் காது நிமிர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கில்லை. வேலியைத் தாண்டி, கேட்டைக் கடந்து, பூப்பல்லக்குக்கு முன்னால் போய் ஆட ஆரம்பித்துவிட்டது. பின்னால் நடுவர் மணி அடித்தார். வேலிக்கு வெளியே போனால் ஆட்டம் குளோஸ். கறுப்பு கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன், தலையில் பூ விழுகிறது. வருஷக்கணக்கில் கெஞ்சியும் வராத நடையெல்லாம் அந்தப் பாவி அன்று நடந்து காட்டியது.

"அண்ணாத்தே, குதிரைக்கு யாரு சொன்னது?" என்று மேளக்காரர் இறந்தவரின் மகனிடம் கேட்டார்.

"எவனோ சொல்லிக்கீறான், உடு. நைனா ராஜா மாரி போய்கினு கீறாரு," என்றார் அவர், அழுதுகொண்டே. அதற்கு மேல் இறங்க எனக்கு மனசு வரவில்லை.

சுடுகாட்டு வாசலில் மேளம் நின்றது. குதிரையும் நின்றது. குனிந்து பார்த்தேன். நான்கு காலும் சீராக இருந்தன. பழக்க தோஷம், ஒரு கையைத் தொங்கவிட்டுத் தலைகுனிந்து வணக்கம் வைத்தேன். அந்த மகன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அப்பா மூச்சு வாங்கப் பின்னாலேயே ஓடி வந்திருந்தார். சட்டையெல்லாம் பூ. விற்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

"வித்துடாதேம்மா," என்றார். "எனக்கும் இதுதான் முன்னால போகணும்."