கடலை எண்ணெய்ப் பக்கத்துக்கு வழி இல்லை

ஆலங்குடியிலிருந்து முத்துக்குமார் போனில் கத்தினார்.

"அண்ணே, பத்து நாளா ஒரு ஆர்டர் இல்லை. சர்ச்ல தேடுனா என் பக்கமே வரல. இப்படியே போனா திரும்ப கத்தாருக்குத்தான் போகணும். புள்ளைய விட்டுட்டு இன்னொரு தடவை என்னால முடியாதுண்ணே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புதுக்கோட்டையில் உட்கார்ந்து பதினாறு வருடமாக வெப்சைட் வேலை பார்க்கிறேன். அவருடைய செக்குக் கடலை எண்ணெய்ப் பக்கம் தேடலில் முதல் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

ஸ்பீடு பார்த்தேன், சரியாக இருந்தது. மொபைலில் திறந்தேன், திறந்தது. போட்டிக் கடைக்காரன் ஏதோ செய்கிறான் என்று சந்தேகப்பட்டேன். டைட்டிலை மாற்றினேன். படங்களைச் சுருக்கினேன். மறுபடி டைட்டிலைப் பழையபடி வைத்தேன். கடைசியில் எதை மாற்றியதால் என்ன ஆகிறது என்று எனக்கே தெரியாமல் போனது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள்.

நடந்தது இதுதான். முத்துக்குமாரும் அவர் அண்ணன் செல்லத்துரையும் ஒரே வெப்சைட்டில் வியாபாரம் செய்தார்கள். அண்ணனுக்கு முந்திரி, தம்பிக்கு எண்ணெய். அதற்கு ஒரு மாதம் முன்பு பாகப்பிரிவினை நடந்தது. தோட்டம், குடோன் எல்லாம் பிரிந்தன. அண்ணன் நேராக என் ஆபீசுக்கு வந்தார்.

"முகப்புப் பக்கமும் முந்திரியும் எனக்கு. எண்ணெய் அவனுக்கு. என் பக்கத்துல இருந்து அவன் பக்கத்துக்கு வழி இருக்கக் கூடாது. அங்கிட்டு இருந்து இங்கிட்டும் வேண்டாம்."

நான் யோசித்தேன்.

"என்ன தம்பி முழிக்கிறீங்க? நாலு பட்டனைத்தானே எடுக்கச் சொல்றேன், ஒங்க வீட்டுக் கதவையா கழட்டச் சொன்னேன்?"

மெனு, கட்டுரைகளுக்குள் இருந்த லிங்க், அடியில் இருந்த லிங்க், எல்லாவற்றையும் எடுத்தேன். அரை மணி நேர வேலை. முகவரியைத் தட்டினால் பக்கம் திறந்தது, அதனால் கெடுதல் இல்லை என்று நினைத்தேன்.

முத்துக்குமார் போன் செய்த மூன்றாவது வாரம் செல்லத்துரையே கோபமாக வந்து நின்றார்.

"இப்ப முந்திரியும் கீழ போயிருச்சு. தம்பிக்குப் பரிஞ்சுக்கிட்டு ஏதாச்சும் பண்ணீங்களா?"

"நான் ஏன் பண்றேன்? நீங்க சொன்னதைத்தான் பண்ணேன்!"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு தாளில் பக்கத்துக்கு ஒரு கட்டம் போட்டேன், லிங்குக்கு ஒரு கோடு. எண்ணெய்க் கட்டத்துக்குச் சைட்டின் மற்றப் பக்கங்களிலிருந்து ஒரு கோடுகூட வரவில்லை. சொந்த சைட்டே சீண்டாத பக்கத்தைத் தேடல் எப்படி மதிக்கும்? ஆனால் சமையல் எழுதுகிறவர்கள் வெளியிலிருந்து கொடுத்த லிங்க் எல்லாம் அந்த எண்ணெய்ப் பக்கத்துக்குத்தான். அங்கிருந்து போன கோட்டில்தான் முந்திரிக்கும் மதிப்பு போயிருக்கிறது. அதையும் சேர்த்து வெட்டியிருந்தேன்.

"தோட்டத்தைப் பிரிச்சீங்களே, கிணத்துக்குப் போற பாதை யாருக்கு?" என்று கேட்டேன்.

"அது பொதுப் பாதை. அதைப் போய் யாராச்சும் பிரிப்பாங்களா? ரெண்டு பேரு பயிரும் காஞ்சுபோகும்ல?"

தாளை அவர் பக்கம் திருப்பினேன். எண்ணெய்க் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

அன்றைக்கு அவர் கத்துவாரே என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"சரி, பாதையைத் தொறந்து விடுங்க. ஆனா அவன் பேரு என் பக்கத்துல வரக் கூடாது."

அங்கிட்டும் இங்கிட்டும் லிங்கைத் திரும்ப வைத்தேன், அண்ணன் பக்கத்தில் மட்டும் பேர் இல்லாமல் 'கடலை எண்ணெய்' என்று. முந்திரி மேலே ஏறியது. எண்ணெய் இரண்டாம் பக்கம் வரை வந்து நின்றுவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரியும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்குள் முத்துக்குமார் விமானம் ஏறிவிட்டார். செக்கை அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார்.

இப்போது ஒரு லிங்கை எடுக்கும் முன் தாளில் கோடு போடுகிறேன். கேட்டவரை எதிரில் உட்காரவைத்துக் காட்டுகிறேன். கத்தினால் கத்தட்டும். வெட்ட அரை மணி நேரம் போதும், வெட்டியதால் போன ஆளை என்னால் திரும்பக் கூட்டிவர முடியவில்லை.

வெள்ளிக்கிழமை லீவில் கத்தாரிலிருந்து போன் வரும். ஆர்டர் பற்றி மனைவியிடம் கேட்டுக்கொள்வார் போல. என்னிடம் ஒன்றுதான் கேட்பார்.

"அண்ணன் பக்கத்துல இருந்து இந்த வாரம் யாராச்சும் வந்தாங்களாண்ணே?"

அந்த லிங்கில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.