அறுபத்து மூன்றாவது முகம்

பல்லக்கா என்று சொன்னால்தான் அந்தப் பொம்மைப் போர் மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்வது அவர் வேலை. எந்தப் பல்லும் வெறும் வெள்ளை இல்லை என்பது அவருக்கு அத்துப்படி. ஈறுப் பக்கம் மஞ்சள் ஏறும், நுனியில் லேசான நீலம் தெரியும். அதை மெல்லிய தூரிகையால் தீட்டிச் சூளையில் சுட்டு வாயில் பொருத்தினால், எது சொந்தப் பல், எது செய்த பல் என்று யாருக்கும் தெரியாது. செய்தவர் யார் என்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்தாலும் அவர் தூரிகையைக் கீழே வைப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் பாதியை ஒரு பொம்மைப் பட்டாளம் பிடித்திருந்தது. ஓநாய்த் தலை ஈட்டிக்காரர்கள், எலும்புக்கூடு வில்லாளிகள், இறக்கை முளைத்த குதிரைகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். நான்கு வருடத்தில் அறுபத்திரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள்.

"என் பஸ்ஸுல கூட இவ்வளவு கூட்டம் ஏறாது. என் தட்டுக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லு உன் ஆளுங்களை" என்பார் பஸ் ஓட்டுநரான அவர் கணவர். ஆனால் மேசையைத் துடைக்கும்போது ஒரு வில்லாளியைக்கூட அவர் தட்டிவிட்டதில்லை.

மாதம் ஒரு ஞாயிறு, ஒரு கடையின் மாடி அறையில் மன்றம் கூடும். இரண்டு மேசைகளில் மலையும் கோட்டையும் வைத்து, இரு படைகளை எதிரெதிரே நிறுத்திப் பகடை உருட்டிப் போரிடுவார்கள். அங்கே ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுப்பே கிடையாது. மேசையில் இறங்கும் ஒவ்வொரு வீரனுக்கும் அவனுடைய சொந்தக்காரரே வண்ணம் பூசியிருக்க வேண்டும். அடுத்தவர் கையால் பூசியது என்று தெரிந்தால் மன்றத்திலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

போன மாதம், மூக்குக்கண்ணாடி விற்கும் கண்ணாடிக் கடைக்காரர் பல்லக்காவின் வீரர்களைப் பார்த்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இவ்வளவு சுத்தமா ஒரு ஆள் வேலை முடிச்சு வீட்டுக்குப் போய் பண்ண முடியாது. இது வேற யாரோ ஒருத்தர் கை."

நடுவராக இருக்கும் மருந்துக் கடைக்காரர்தான் ஒரு வழி சொன்னார். அடுத்த மாதக் கூட்டத்தில், நடுவர் கொடுக்கும் வண்ணமில்லாத பொம்மைக்குப் பல்லக்கா எல்லோர் முன்னாலும் முகம் தீட்ட வேண்டும். நேரம் முக்கால் மணி. பழைய வீரர்களோடு வைத்துப் பார்த்தால் ஒரே கையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அந்த ஞாயிறு வந்தது. நாற்காலி தாழ்வாக இருந்தது, வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து வந்தது. சுற்றிலும் பதினைந்து பேர் நின்றார்கள். பல்லக்கா பொம்மையை ஒரு குச்சியின் நுனியில் மெழுகால் ஒட்டி, கை அசையாமலிருக்க இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று அணைத்துக்கொண்டார்.

முதலில் கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் கோடு, அதற்குள் பழுப்பேறிய வெள்ளை. கருவிழியை வைக்கும்போது தூரிகை தடுமாறி, புள்ளி கன்னத்தில் வழிந்தது. ஈரத் தூரிகையால் துடைத்தார். கூடவே வெள்ளையும் வந்துவிட்டது. மறுபடி வெள்ளை தீட்டி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது.

"இன்னும் பன்னிரண்டு நிமிஷம்" என்றார் நடுவர்.

பல்லக்கா குச்சியைத் தலைகீழாகத் திருப்பினார்.

"என்னக்கா, அடுத்து நீங்களும் தலைகீழா நிப்பீங்களா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஓட்டுறப்ப டிரைவர்கிட்ட பேசாதீங்கன்னு பஸ்ஸுல எழுதியிருக்குமே, படிச்சதில்லையா?" என்று கணவர் சுவரோரத்திலிருந்து கேட்டார். சிரிப்பு நின்றது.

தலைகீழாக இருந்தால் முகம் முகமாகத் தெரியாது. மேடும் பள்ளமும் மட்டும்தான் தெரியும். பல் தீட்டும்போது பழகி, வீட்டில் பொம்மைகளுக்குக் கண் வைக்கவும் அவர் கையாளும் வழி அது. பல்லக்கா மூச்சை அடக்கி ஒரு புள்ளி வைத்தார். அடுத்த மூச்சில் இன்னொன்று. மிச்ச நேரத்தில் தோல் நிறத்தை அவசரமாக இழுத்து முடித்தார்.

நடுவர் புது முகத்தைப் பழைய ஈட்டிக்காரன் ஒருவனோடு வைத்துப் பார்த்தார். வண்ணம் தடித்திருந்தது, மூக்கோரம் திட்டாக இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அவசரத்துல பண்ணினதுதான், புரியுது. ஆனா ரெண்டும் ஒரே கைன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியலையேம்மா."

பல்லக்காவின் நான்கு வருட உழைப்பும் இந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோகும் போலிருந்தது.

"இங்க குடுங்க." கண்ணாடிக் கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தார். புது முகத்தைப் பார்த்தார். பிறகு ஓநாய்த் தலையன், வில்லாளி, குதிரைவீரன் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். பத்தாவதை வைத்துவிட்டு லென்ஸை இறக்கினார்.

"எல்லாருக்கும் மாறுகண்."

"என்னது?" என்றார் நடுவர்.

"வலது கண் நேரா பாக்குது, இடது கண் காது பக்கம் ஒரு மயிரிழை போயிருக்கு. எல்லாத்துலயும் அதே கண், அதே அளவு. இப்ப பண்ணினதுலயும் அப்படித்தான்." புது முகத்தைப் பல்லக்கா பக்கம் நகர்த்தினார். "நான் நாள் முழுக்கக் கண்ணைத்தான் பாக்கிறேன். இது ஒரே கைதான். போன மாசம் நான் சொன்னது தப்பு."

பல்லக்கா லென்ஸை வாங்கிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. தலைகீழாகப் பிடிக்கும்போது பொம்மையின் மூக்கு மறைத்து, இரண்டாவது புள்ளி எப்போதும் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது. வேலையிடத்தில் பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு பல்லையும் தொடாதவர், வீட்டில் ஒருநாளும் அதைத் தேடியதில்லை. வீட்டில் இருப்பது விளையாட்டு என்று நினைத்திருந்தார்.

"அறுபத்திரண்டு பேருக்குமா?" என்றார் மெதுவாக.

"விடு. எந்தப் பக்கம் குறி வைக்கிறாங்கன்னு எதிரிக்குத் தெரியாதுல்ல" என்றார் கணவர்.

நடுவர் மன்றப் பதிவேட்டில் பல்லக்காவின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக் கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பல்லக்கா கையைக் காட்டினார்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளுங்க. இன்னைக்கு உங்க எதிர்ல நான்தான். படையை இறக்குங்க."

அறுபத்திரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தினார். முதல் பகடை அவருடையது. உருட்டிய பகடை கோட்டையில் மோதி, மேசையைத் தாண்டி, தரையில் எங்கோ ஓடியது.

"பரவால்ல, மறுபடி போடுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிக் கடைக்காரர் மேசைக்கு அடியில் குனிந்தார்.