வாளித் தண்ணீர் சோதனை

தெருவில் யார் வீட்டுத் தொட்டி அடைத்துக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் பெயரே அடைப்பு அண்ணன் என்று ஆகிவிட்டது. குழாய்க்குள் கம்பியை விட்டுக் குடைவார், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார், அது சர்ரென்று இறங்கினால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுவாரம் அதே வீட்டிலிருந்து ஆள் வரும். அது வேறு கதை.

சாப்பாட்டிலும் அதே அவசரம். பின்வாசல் படியில் நின்றபடியே பேக்கரி பன்னை மூன்று கடியில் முடிப்பார். இருபத்தாறு வருஷமாக அவர் மனைவி அதைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: "யாராவது தொரத்துறாங்களா?"

அப்புறம் உணவுக்குழாயில் கட்டி வந்தது. கீழ்ப்பாதியை வெட்டியெடுத்து, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தார்கள். கட்டி ஒழிந்தது. ஆனால் மூன்றாம் மாதம் தைத்த இடம் தழும்பேறிச் சுருங்கியது. முதலில் ரொட்டி நெஞ்சில் நின்றது, பிறகு குழைந்த சோறும் நின்றது. அண்ணன் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் சோற்றில் எதிர்வீட்டுப் பூனை மட்டும் கொழுத்தது. மருத்துவமனையில் கேட்டபோதெல்லாம் தண்ணீர் நன்றாக இறங்குகிறது என்றார். பொய் இல்லை. தண்ணீர் இறங்கினால் குழாய் சரி என்பது அவர் தொழில் கணக்கு.

கஞ்சிக்கு வந்த பிறகு வீட்டில் மனைவியின் அந்தக் கேள்வி நின்றுபோனது. அவள் எதிரில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பழைய திட்டுக்கு அவர் ஏங்கிப்போனார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

எடை பதினோரு கிலோ இறங்கியதும் பூனை விஷயம் அம்பலமானது. டாக்டரிடம் அவளே போட்டுக்கொடுத்தாள்.

"ஊரு அடைப்பையெல்லாம் இவரு இப்படித்தான் பாப்பாரு டாக்டர். ஒரு வாளி தண்ணிய ஊத்திட்டு வந்துடுவாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டு விளக்கினார். எண்டோஸ்கோப்பி குழாயை வாய்வழியாக விட்டு, சுருங்கிய இடத்தில் சின்ன பலூனை ஊதி விரிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக. அதற்கும் வழிவிடாவிட்டால் வயிற்றில் குழாய் வைத்துத்தான் உணவு. அதைக் கேட்டதும் அண்ணன், ஒரே தடவையில் விரித்துவிட முடியாதா என்று கேட்டுவிட்டு, தானே தலையாட்டிக்கொண்டார்.

"வேணாம். தச்ச எடம், கிழிஞ்சுடும்."

"என் வேலைய நீங்களே பாத்துடுவீங்க போல" என்றார் டாக்டரம்மா.

முதல் தடவை விரித்தது பாதி திரும்பச் சுருங்கியது. இரண்டாவது தடவை கொஞ்சம் நின்றது. மூன்றாவது முடிந்த மறுநாள், மெத்தென்ற பன்னைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, நன்றாக மென்று சாப்பிடலாம் என்று அனுமதி வந்தது.

அதே பின்வாசல் படி. இந்தத் தடவை மனைவி அவரை உட்கார வைத்தாள். நகக்கண் அளவு பிய்த்துக் கொடுத்தாள். அவர் தண்ணீர் டம்ளரை நோக்கிக் கை நீட்டியதும் அதைத் தள்ளி வைத்தாள். மென்றார், விழுங்கினார், நெஞ்சில் கைவைத்துக் காத்திருந்தார். இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மதில்மேல் பூனை நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வாயில் இருக்கும்போதே கை நான்காவதுக்குப் போனது.

"யாராவது தொரத்துறாங்களா?"

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். நிதானமாக விழுங்கி முடித்துவிட்டு, காது கேட்காதவர் மாதிரி "என்ன?" என்றார்.

அவள் இன்னும் சத்தமாகத் திட்டினாள்.